பிள்ளை நோன்பு

மாசி மாதத்துச் சிவராத்திரி நாளிலே திருக்கேதீச்சரத்துப் பாலாவிக் கரையில் நின்று பார்த்தவர்கள் அக்காட்சியை மறக்கமாட்டார்கள். செம்பும் குடமும் ஏந்திய அடியார்கள் படியிறங்கி நீர் முகப்பார்கள். முகந்த நீரைச் சுமந்து சென்று, மகாலிங்கப் பெருமானுக்குத் தம் கையாலேயே சொரிந்து வழிபடுவார்கள். முதியோரும் இளையோரும் கைக்குழந்தையை இடுப்பில் ஏந்திய தாய்மாரும் அவ்வரிசையில் ஒன்றாகவே நிற்பார்கள்.

2025ஆம் ஆண்டு பெப்ரவரி 26ஆம் நாள் காலை, எட்டு மணி கடந்த வேளையில், நானும் அவ்வரிசையில் நின்றேன். எனக்கு முன்னே ஓர் அன்னையும் அவருடைய மகனும் நின்றார்கள். பையனுக்கு ஒன்பது வயது. நெற்றி நிறைய நீறு. கையிலே, அவன் சுமக்கக்கூடிய அளவைவிடச் சற்றுப் பெரிய செம்பு. அவனுடைய தமக்கை என்னிடம் படித்தவள். ஆதலால் தாய் என்னைக் கண்டதும் முறையிடத் தொடங்கினார்.

"சேர், நீங்களாவது இவனுக்கு ஒருக்காச் சொல்லுங்கோ. இரவு சாப்பிட்டுப் படுத்தவன். இன்றைக்கு முழுக்க ஒன்றும் வாயில் வைக்கமாட்டன் என்று நிற்கிறான். தண்ணீரும் வேண்டாமாம். நாளைக்கு விடியுமட்டும் இருப்பானாம். விடலாமோ?"

"அக்கா போன வருஷம் இருந்தவதானே!" என்றான் பையன்.

எனக்கு உடனே விடை வரவில்லை. வேண்டாமென்று தடுத்தால் அரும்பிய பக்தியைக் கிள்ளியவனாவேன். இருக்கட்டுமென்று விட்டால், மன்னார் வெயிலில் ஒன்பது வயதுப் பிள்ளை ஒரு பகலும் ஓர் இரவும் நீருமின்றி இருப்பதற்கு உடந்தையாவேன். அன்று நான் சொன்ன விடையைப் பின்னர்க் கூறுகிறேன். அந்த விடை எனக்கு எங்கிருந்து கிடைத்தது என்பதை முதலில் சொல்லவேண்டும்.

அந்த ஆண்டு நம் பகுதியில் ஒரு புதுமை நிகழ்ந்தது. பெப்ரவரி 26இல் சிவராத்திரி வந்தது. மார்ச் மாதம் பிறந்ததும் முஸ்லிம் மக்களுக்கு ரமழான் தொடங்கிற்று. மார்ச் 5ஆம் நாள் கத்தோலிக்கர்களின் தவக்காலத்தைத் தொடக்கிவைக்கும் விபூதிப் புதன். எட்டு நாள்களுக்குள் மூன்று சமயத்தாரும் நோன்பின் வாயிலில் நின்றனர். பாலாவிக் கரையிலே அந்தத் தாய் கேட்ட கேள்வியை அந்த நாள்களில் எருக்கலம்பிட்டியிலும் பேசாலையிலும் எத்தனையோ தாய்மார் கேட்டிருப்பார்கள். பெரியவர்கள் நோற்பதைக் கண்டு தானும் நோற்க விரும்புவது பிள்ளையின் இயல்பு. அந்த விருப்பத்தை என்ன செய்வது?

இக்கேள்வியை ஏறக்குறைய 1800 ஆண்டுகளுக்கு முன்பே எடுத்து ஆராய்ந்து, வயதும் நாழிகையும் வகுத்து விடை எழுதிவைத்தவர்கள் யூதர்கள். நமக்கு அவர்கள் முற்றிலும் அயலாரல்லர். நம் கடலுக்கு அப்பால், கொச்சியிலே, 1568இல் கட்டப்பட்ட அவர்களுடைய தொழுகைக்கூடம் இன்றும் நிற்கிறது. அங்கு பல நூற்றாண்டுகள் வாழ்ந்த யூதக் குடும்பங்களிற் பெரும்பாலானவை 1950களிலும் அதன் பின்னரும் இஸ்ரவேல் நாட்டுக்குப் பெயர்ந்தன.

யூதர்களின் நோன்புகளுட் பெரியது யோம் கிப்பூர். பிழை பொறுக்குமாறு இறைவனை வேண்டும் நாள் அது. முதல் நாள் சூரியன் மறைவதற்கு முன் தொடங்கி, மறுநாள் இரவு கவியும் வரை ஏறக்குறைய இருபத்தைந்து மணி நேரம் சோறுமில்லை, நீருமில்லை. இவ்வளவு கடுமையான நோன்பில் பிள்ளைகளின் நிலை யாது? கி.பி. 200 அளவில் தொகுக்கப்பெற்ற மிஷ்னா என்னும் அவர்களுடைய சட்டநூல் இதற்கு விடை தருகிறது. பிள்ளைகளை அந்நாளில் பட்டினி போடலாகாது. ஆயினும், நோன்பு கடமையாகும் வயதுக்கு ஓராண்டோ ஈராண்டோ முன்னதாக அவர்களைப் பழக்கி வரவேண்டும் என்பது அதன் கருத்து. கடமை வயது பெண்ணுக்குப் பன்னிரண்டு, ஆணுக்குப் பதின்மூன்று.

அஃதென்ன ஓராண்டோ ஈராண்டோ? சட்டம் என்றால் ஒன்றைத் திட்டமாகச் சொல்லவேண்டாவா? பிற்கால உரையாசிரியர்கள் இதற்கு விளக்கம் தந்தார்கள். நலிந்த உடம்புடைய பிள்ளைக்கு ஓராண்டு. வலிய உடம்புடைய பிள்ளைக்கு ஈராண்டு. எல்லாப் பிள்ளைகளும் ஒரே அளவினர் அல்லர் என்பதைச் சட்டமே ஒப்புக்கொண்டுவிட்டது. நாற்பது பிள்ளைகளை ஒரே வாங்கு வரிசையில் இருத்தி ஒரே பாடத்தை ஒரே வேகத்தில் நடத்திச் செல்லும் என்போன்ற ஆசிரியர்கள் இதனைச் சற்று நின்று எண்ணிப் பார்க்கவேண்டும்.

பழக்குதல் எவ்வாறு என்பதையும் அவர்கள் சொல்லாமல் விடவில்லை. பகற்பொழுதைப் பன்னிரண்டு கூறாக்குவது பழைய முறை. வழக்கமாக இரண்டாம் மணியில் உண்ணும் பிள்ளைக்கு அன்று மூன்றாம் மணியில் உணவு கொடு. மூன்றாம் மணியில் உண்பவனுக்கு நான்காம் மணியில் கொடு. வலிமை கூடக்கூட நேரத்தையும் கூட்டு. இதனையே நாழிகைப் பயிற்சி என்கிறார்கள். கவனியுங்கள்: உணவை மறுக்கும்படி விதி சொல்லவில்லை. உணவைச் சற்றுத் தள்ளிவைக்கும்படியே சொல்கிறது. "இல்லை" என்ற சொல் பிள்ளையின் காதில் விழுவதேயில்லை. "இன்னும் கொஞ்ச நேரத்தில்" என்ற சொல்லே விழுகிறது. காத்திருக்கக் கற்றவன் நாளடைவில் கைவிடவும் கற்பான்.

பன்னிரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த மைமோனிடிஸ் இவ்விதிகளையெல்லாம் தொகுத்து ஒழுங்குபடுத்திய பேரறிஞர். எகிப்து நாட்டிலே மருத்துவராகவும் புகழ்பெற்றவர். ஒன்பது, பத்து வயதில் நாழிகைப் பயிற்சி என்றும், பதினொன்றில் முழு நோன்பு என்றும் அவர் எழுதினார். ஒன்பது வயது நிரம்பாத பிள்ளையையோ, பெரிய நோன்பு நாளில் வருத்தவே கூடாது. உயிருக்கு ஆபத்து நேர்ந்துவிடும் என்று கண்டிப்பாகத் தடுத்தார். சமய விதியை வகுத்த அதே கை நோயாளியின் நாடியையும் பிடித்துப் பார்த்த கையல்லவா?

இந்நூல்களில் நான் மிகவும் விரும்பும் செய்தி வேறொன்று. ஷம்மாய் என்பவர் பழைய யூத அறிஞருள் கண்டிப்புக்குப் பேர்போனவர். யோம் கிப்பூர் நாளில் கை கழுவுதலும் விலக்கப்பட்டது. கழுவாத கையால் பிள்ளைக்கு ஊட்டுதல் தகாது. கழுவினாலோ நோன்பின் விதி பழுதுபடும். ஆகவே, ஒரு கையால்கூட ஊட்ட அவர் மனங்கொள்ளவில்லை. மற்ற அறிஞர்கள் என்ன தீர்ப்புச் சொன்னார்கள் தெரியுமா? ஒரு கையாலன்று, இரண்டு கைகளையும் கழுவி இரு கையாலும் ஊட்டுக என்று தீர்ப்பளித்தார்கள். பெரியவருடைய நோன்பின் நுணுக்கத்துக்காகப் பிள்ளையின் வயிறு காயக்கூடாது. பிள்ளை நோன்பைப் பற்றிய சட்டம் பிள்ளைக்கு இட்ட கட்டளை என்றே பலர் எண்ணுவர். உண்மையில் அது பெரியவர்களுக்கு இட்ட கட்டளை. அளந்து பார்க்கும் பொறுப்பும் ஊட்டும் பொறுப்பும் அவர்களுடையன.

இப்பழக்குதலைக் குறிக்க அவர்கள் வழங்கும் சொல் ஹினூக் என்பது. புதிதாகக் கட்டிய வீட்டிற் குடிபுகுவதற்கும் வழிபாட்டுப் பீடத்தை முதன்முதல் அர்ப்பணிப்பதற்கும் அதே வேரிலிருந்து பிறந்த சொல்லே வழங்கிற்று. இக்காலத்திலே எபிரேய மொழியில் கல்வி என்பதற்கே அதுதான் பெயர். கல்வியைப் புதுமனை புகுவிழாவாகக் கண்ட மொழி அது! வீடு உறுதிப்படுமுன் பாரத்தை ஏற்றுபவர் எவரும் இலர்.

இனி நம் கரைக்கு வருவோம். மதீனாவில் வாழ்ந்த யூதர்கள், மூசா நபியும் அவர் மக்களும் விடுதலை பெற்றதை நினைந்து ஒரு நோன்பு நோற்றதை நபிகள் நாயகம் கண்டார்கள் என்றும், தாமும் அதனை நோற்றுப் பிறரையும் நோற்கச் சொன்னார்கள் என்றும் நபிமொழி நூல்கள் கூறும். அதுவே ஆஷூரா நோன்பு. ரமழான் நோன்பு கடமையாக்கப்படுமுன் நிகழ்ந்த செய்தி இது. அந்நாளில் மதீனாத் தாய்மார் தம் சிறுவரையும் நோற்கப் பழக்கிய வகையை ருபய்யிஃ என்னும் மாது அறிவித்திருக்கிறார். கம்பளியால் விளையாட்டுப் பொருள் செய்து வைத்துக்கொள்வார்களாம். பிள்ளை பசித்து அழுதால் நோன்பு திறக்கும் வேளை வரை அதைக் கொடுத்துக் கவனத்தைத் திருப்புவார்களாம். யூதர் நாழிகையை எண்ணினர். மதீனாத் தாய்மார் விளையாட்டைத் துணைகொண்டனர்.

இஸ்லாமிய விதிப்படி நோன்பு கடமையாவது பருவமடைந்த பின்னரே. அதற்கு முன் நடப்பதெல்லாம் பழக்கம். நோயாளிக்கும் பயணிக்கும் விலக்களித்த மார்க்கம் பிள்ளையை வருத்துமா? நம் பகுதியில் வைகறைக்கு முன் தொடங்கிச் சூரியன் மறையும் வரை ஏறக்குறைய பதின்மூன்றரை மணி நேரம் நோன்பு நீளும். முஸ்லிம் நண்பர் வீடுகளில், சிறுவர்கள் தலைநோன்பன்று சஹருக்குத் தாமும் எழுந்து அமர்வதைக் கண்டிருக்கிறேன். நண்பகல்வரை இருந்தவனுக்கு அதுவே அன்றைய வெற்றி. மாலையில் நோன்புக் கஞ்சிக் கோப்பையைப் பெரியவர்களோடு சரியாசனத்தில் அமர்ந்து அவனும் பெறுகிறான். நடுவில் ஒரு வேளை உண்டான் என்று அவனை எவரும் கீழே இருத்துவதில்லை. 1990 ஒக்டோபரில் வடபுலத்திலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்கள் புத்தளம் முதலிய இடங்களில் அகதிகளாய்ப் பல ஆண்டுகளைக் கழித்தார்கள். 2009இல் போர் முடிந்தபின் மீண்டு வந்தவர்களின் வீடுகளில் இன்று பிள்ளைகளின் தலைநோன்பைக் காணும்போது, ஒரு பழக்கம் அறுபடாமல் காக்கப்பட்டதன் அருமை விளங்கும்.

கத்தோலிக்க அன்பர்களின் வரலாறு இன்னொரு பாடத்தைக் கற்பிக்கிறது. பேசாலையிலும் தலைமன்னாரிலும் உள்ள முதியவர்களைக் கேட்டால் ஒருசந்தி, சுத்தபோசனம் என்ற பழைய சொற்களைச் சொல்வார்கள். 1917ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டம் ஏழு வயது நிறைந்த பிள்ளையும் இறைச்சி விலக்கும் சுத்தபோசனம் காக்கவேண்டும் என்றது. ஒருசந்தியோ இருபத்தொரு வயது நிறைந்த பின்னரே. 1983ஆம் ஆண்டுச் சட்டம் அவ்வயதுகளை மாற்றி, சுத்தபோசனத்துக்குப் பதினான்கு என்றும், ஒருசந்திக்குப் பதினெட்டு என்றும் வகுத்தது. அவ்வயதை அடையாதோர்க்கும் தவத்தின் உண்மைப் பொருளை உணர்த்துவது குருமாரும் பெற்றோரும் ஆற்றவேண்டிய கடமை என்று அதே சட்டம் சேர்த்துச் சொல்கிறது.

முன்னாளில் நற்கருணை பெறுவோர் நள்ளிரவு முதல் நீரும் அருந்தலாகாது என்று விதி இருந்தது. புது நன்மை பெறும் சிறு பிள்ளைக்கும் அதுவே விதி. நாவறண்டு கோயிலில் நின்ற பிள்ளைகள் எத்தனை பேரோ! 1953இல் பன்னிரண்டாம் பத்திநாதர் நீர் அருந்துவதால் அந்த நோன்பு முறியாது என்று அறிவித்தார். 1957இல் அது மூன்று மணி நேரமாயிற்று. 1964இல் ஆறாம் சின்னப்பர் அதை ஒரு மணி நேரமாக்கினார். விதி தளர்ந்ததால் விசுவாசம் தளர்ந்துவிட்டதா? மன்னார்க் கோயில்களின் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தைப் பார்த்தவர் அவ்வாறு சொல்லமாட்டார். இன்று தவக்காலத்தில் பிள்ளைகள் இனிப்பை விடுகிறார்கள். மிஞ்சிய காசை உண்டியலில் இடுகிறார்கள். தான் விட்டது பிறர் வயிற்றுக்குப் போகிறது என்று அறிந்து விடுகிறார்கள். இஃது அவர்கள் கண்ட வழி.

நாம் என்ன கண்டோம்? சைவ வீடுகளிலே அளவுகோல் பெரும்பாலும் பாட்டிமாரின் கண்ணாகவே இருந்து வந்திருக்கிறது. பிள்ளையின் முகம் வாடுவதைக் கண்டதும் அவர்கள் ஒரு கிண்ணம் பாலை நீட்டுவார்கள். "இது விரதத்துக்குப் பழுதில்லை, குடி" என்பார்கள். அது பாட்டியின் சலுகை என்று நெடுநாள் எண்ணியிருந்தேன். பிற்பாடு ஆறுமுக நாவலரின் சைவ வினாவிடையைப் படித்தபோதுதான் அதற்கு நூலாதாரம் உண்டென்று அறிந்தேன். விரதம் என்பதற்கு நாவலர் தரும் இலக்கணத்திலேயே, உணவை அறவே விடுதல், குறைத்துக்கொள்ளுதல் என இரு வழிகளும் இடம்பெறுகின்றன. சிவராத்திரியைப் பற்றிக் கூறுமிடத்தில் படிகளும் வகுக்கிறார். ஒன்றும் உண்ணாதிருத்தல் உத்தமம். நீரோ பாலோ உட்கொள்ளுதல் மத்திமம். பழம் உண்ணுதல் அதமம். தோசை முதலிய பலகாரம் உண்ணுதல் அதற்கும் கீழ்ப்பட்டது. கந்தசட்டியிலும், ஆறு நாளும் உபவாசம் இருக்க இயலாதவர் ஐந்து நாள் ஒரு பொழுது உண்டு, ஆறாம் நாள் மட்டும் உபவசிக்கலாம் என்கிறார்.

இதிலுள்ள நயத்தைக் காணுங்கள். தோசை உண்டவனையும் நாவலர் விரதகாரர் வரிசையிலிருந்து தள்ளிவிடவில்லை. கடைசிப் படியிலே நிறுத்துகிறார். படியில் நிற்பவன் என்றாவது ஒருநாள் மேலே ஏறுவான். நாவலரும் ஒரு பள்ளிக்கூடத்தை நடத்திய ஆசிரியரல்லவா?

நான்கு சமயங்கள், நான்கு உபாயங்கள். யூதர் நாழிகையால் பழக்கினர். மதீனாத் தாய்மார் விளையாட்டால் பழக்கினர். கத்தோலிக்கர் ஈகையால் பழக்குகின்றனர். சைவர் படிமுறையால் பழக்குகின்றோம். உபாயம் வேறானாலும், பிள்ளையின் ஆற்றலை அளந்தறிந்து அதற்கு மேற்படாமற் காக்கும் கடமையை நால்வரும் பெரியவர்கள் தலையிலேயே வைத்திருக்கிறார்கள்.

உடலியலும் இதற்குத் துணை நிற்கிறது. பிள்ளையின் உடம்பு எடைக்கு எடை பார்த்தால் பெரியவரின் உடம்பைவிட மிகுதியான சக்தியைச் செலவிடுகிறது. அவ்வுடம்பில் இருக்கும் சேமிப்போ குறைவு. ஈரலிற் சேர்த்துவைத்த சர்க்கரை தீர்ந்துபோனால் மயக்கம் வரும். அது பெரியவர்க்கு வருவதைவிடப் பிள்ளைக்கு விரைந்து வரும். வெயிலில் நீர்ச்சத்து இழக்கும் வேகமும் பிள்ளைக்கே அதிகம். நிழல் அரிதான இம்மன்னார்க் கரையில் நீரும் விலக்கிய விரதம் சிறுவர்க்கு ஏற்றதன்று. நீரிழிவு முதலிய நோய்க்கு மருந்து பெறும் பிள்ளையாயின், வைத்தியரைக் கேளாமல் ஒரு வேளை உணவையும் தள்ளலாகாது.

இவ்வளவும் எழுதிய நான் ஒரு குற்றத்தையும் ஒப்புக்கொள்ளவேண்டும். 2022ஆம் ஆண்டு. நாடு பொருளாதார நெருக்கடியில் விழுந்த ஆண்டு. அவ்வாண்டுக் கந்தசட்டி வாரத்தில், எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் இடைவேளையில் ஒன்றும் உண்ணாமல் தனியே அமர்ந்திருப்பதைக் கண்டேன். "விரதமா, தம்பி?" என்று கேட்டேன். தலையசைத்தான். மறுநாளும் அவ்வாறே. என் உள்ளம் குளிர்ந்தது. அன்று வகுப்பில் அவனை எழுந்து நிற்கச் செய்து, "கந்தசட்டி நோற்கும் இந்தப் பிள்ளையைப் பாருங்கள், இவனைப்போல் மனவுறுதி வேண்டும்" என்று எல்லார் முன்னிலையிலும் புகழ்ந்தேன். அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. அதனை அடக்கம் என்று கருதிக்கொண்டேன்.

அடுத்த நாள் அவன் வகுப்பிலேயே சாய்ந்துவிட்டான். நீர் தெளித்து, இனிப்புத் தேநீர் கொடுத்தோம். தாய் ஓடிவந்தார். "அம்மா, இவ்வளவு கடுமையாக விரதம் பிடிக்க விடலாமா?" என்று அவரையே கடிந்துகொண்டேன். அவர் சற்று நேரம் பேசாமல் நின்றார். பிறகு தாழ்ந்த குரலில், "விரதமில்லை ஐயா. வீட்டில் ஒன்றுமில்லை" என்றார்.

தந்தை பிறர் படகில் கூலிக்குக் கடலுக்குப் போகிறவர். படகின் இயந்திரம் மண்ணெண்ணெயில் ஓடுவது. அவ்வாண்டு ஓகஸ்டு மாதம் மண்ணெண்ணெய் விலை லீற்றர் 87 ரூபாவிலிருந்து ஒரேயடியாக 340 ரூபாவாக உயர்ந்தது. படகு கரையேறிக் கிடந்தது. வீட்டில் இரவு ஒரு வேளைதான் உலை ஏறிற்று. நான் "விரதமா?" என்று கேட்டபோது, அவனுக்கு ஒரு மறைவிடத்தைக் காட்டிவிட்டேன். மறுநாள் வகுப்பில் வைத்துப் புகழ்ந்து, அந்த மறைவிடத்தின் கதவையும் பூட்டிவிட்டேன். அதன்பின் அவன் பசிக்கிறதென்று எவரிடம் சொல்வான்? பக்கத்துப் பையன் பாணில் பாதியை நீட்டினாலும் எப்படி வாங்குவான்?

பட்டினியும் நோன்பும் வெளிப்பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும். காய்ந்த உதடும் வாடிய முகமும் இரண்டுக்கும் பொது. ஆனால், அடுப்பங்கரையில் சோறு இருக்க அதனை வேண்டாமென்பது நோன்பு. வேண்டுமென்றாலும் இல்லாதது பட்டினி. நோன்புக்கு முதல் தேவை உணவு. உண்ணும் உரிமை உடையவனுக்கே உண்ணாதிருக்கும் உரிமையும் உண்டு. இந்த எளிய உண்மையை, இலக்கணமும் இலக்கியமும் கற்பிக்கும் நான், பதின்மூன்று வயதுப் பிள்ளை ஒருவன் மயங்கி விழுந்த பிறகே கற்றுக்கொண்டேன்.

ஷம்மாயின் கதை அப்போதுதான் எனக்கு முழுமையாக விளங்கிற்று. அவர் தம் நோன்பின் தூய்மையை நினைந்தார். பிள்ளையின் பசியை மறந்தார். நானும் என் மாணவனின் பக்தியைக் கண்டு மகிழ்ந்தேன். அவன் வயிற்றைக் கேட்க மறந்தேன். அன்றுமுதல் எந்தப் பிள்ளையையும் "விரதமா?" என்று நான் முதலிற் கேட்பதில்லை. "காலையில் வீட்டில் என்ன சமைத்தார்கள்?" என்று கேட்கிறேன். அதற்கு வரும் விடையிலும், விடை வரச் சுணங்கும் நேரத்திலும் உண்மை தெரிந்துவிடும். விரதம் இருக்கும் பிள்ளையைப் பலர் முன்னிலையில் புகழ்வதையும் விட்டுவிட்டேன். புகழ் கிடைக்கும் என்று நோற்பவன் நடுவில் பசித்தால் ஒளித்து உண்பான். பின் பொய் சொல்வான். ஒரு நாள் நோன்பைக் காப்பாற்றப் பல நாள் பொய்யைப் பழக்கிவிடுவோம்.

பெற்றோர்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவே. பிள்ளை தானாகக் கேட்கும்வரை விரதத்தைத் திணிக்கவேண்டாம். கேட்டால், நாழிகைக் கணக்கில் தொடங்குங்கள். நீரையும் பாலையும் ஒருபோதும் மறுக்கவேண்டாம். முகம் வாடினால் நீங்களே அழைத்து உணவு கொடுங்கள். அவன் வந்து கேட்கும்படி வைக்கவேண்டாம். உண்டபின் அதைச் சொல்லிக் காட்டவேண்டாம். தமக்கையோடும் அயல்வீட்டுப் பிள்ளையோடும் ஒப்பிடவேண்டாம். இயலுமாயின், அன்று மிஞ்சும் ஒரு பிடி அரிசியைப் பிள்ளையின் கையாலேயே இல்லாத வீட்டுக்குக் கொடுத்தனுப்புங்கள். மாணவர்களுக்கு ஒரு வார்த்தை: உங்கள் பக்கத்தில் அமர்ந்திருப்பவன் நாள்தோறும் "விரதம்" என்று சொன்னால், அதை உங்கள் ஆசிரியரின் காதில் மெல்லப் போடுங்கள். அது கோள் சொல்லுதல் ஆகாது.

இனிப் பாலாவிக் கரைக்குத் திரும்புவோம். அந்தப் பையனை அருகழைத்து, "வழமையாகக் காலையில் எத்தனை மணிக்குச் சாப்பிடுவாய்?" என்று கேட்டேன்.

"ஏழு மணிக்கு, சேர்."

"இப்போது எட்டரை. ஒன்றரை மணி நேரம் விரதம் இருந்துவிட்டாய். இந்தத் தீர்த்தத்தைக் கொண்டுபோய்ப் பெருமானுக்கு ஊற்றி முடிக்கும்வரை இரு. பிறகு அம்மா தரும் பாலைக் குடி. மதியம் அம்மா சொல்வதைக் கேள். இரவு கண்விழிக்கலாம்; நித்திரை வந்தால் அம்மாவின் மடியில் படுக்கலாம்."

பையனின் முகம் சுருங்கிற்று. "பால் குடித்தால் விரதம் முறிந்துபோகாதோ?"

"முறியாது. ஒன்றும் உண்ணாவிட்டால் உத்தமம். பால் குடித்தால் மத்திமம் என்று நாவலர் பெருமானே எழுதியிருக்கிறார்."

அவன் சற்று யோசித்தான். புலமைப்பரிசில் பரீட்சைக்கு ஆயத்தமாகும் வயதல்லவா? "மத்திமம் என்றால் திறமைச் சித்தி மாதிரியோ, சேர்?" என்று கேட்டான்.

"ஓம், திறமைச் சித்தி. விசேட சித்தியைப் பெரியவனானபின் எடுக்கலாம்."

தாய் சிரித்துவிட்டார். பையன் ஒருவாறு மனந்தேறிச் செம்பில் நீரை முகந்தான். சுமை அவன் கைக்கு அதிகந்தான். போகும் வழியெல்லாம் நீர் தளும்பிச் சிந்தியது. சந்நிதியை அடையும்போது பாதிச் செம்புதான் மிஞ்சியிருந்தது. அதைக் கண்ணை மூடிக்கொண்டு பெருமானின் திருமுடியில் ஊற்றினான். பிறகு திரும்பிப் பார்க்காமல் தாயிடம் ஓடினான். அவர் போத்தலிலிருந்து பாலை ஊற்றிக் கொடுக்க, ஒரே மூச்சில் குடித்து முடித்தான்.

அவன் தாய் இன்னும் ஒரு கோப்பை ஊற்றினார். அதையும் குடித்தான்.